'இங்' இடறும் இடங்கள்: ஆங்கிலக் கடிதம் திருத்துபவனின் கைக்குறிப்பு

எங்கள் கடையில் டைப்பிங், ஜெராக்ஸ், ஸ்பைரல் பைண்டிங். நான் இங்கிலீஷ் வாத்தியார் இல்லை. ஆனால் லீவ் லெட்டர், வேலை விண்ணப்பம், பேங்க் மனு, காலேஜ் புராஜெக்ட் ரிப்போர்ட் என்று வருகிற எல்லாத் தாளையும் டைப் அடிக்கும்போது வாசித்துத்தானே ஆக வேண்டும்? வாசித்தால் கண்ணில் படுகிறது. கண்ணில் பட்டதைச் சொல்லாமல் அடித்துக் கொடுக்க மனசு வருவதில்லை. அப்படித் திருத்தித் திருத்தி, அதிகமாகத் திருத்தியது எது என்று பார்த்தால் வினைச்சொல்லின் வாலில் ஒட்டிக்கொள்ளும் 'இங்'தான். புத்தகத்தில் இதற்கு பிரசன்ட் பார்ட்டிசிபிள் என்று பெயர்.

காரணம் ஒன்றுதான். தமிழில் 'எழுதிக்கிட்டு', 'எழுதி', 'எழுதுகிற', 'எழுதுவது' என்று நாலு வேலைக்கு நாலு வால் வைத்திருக்கிறோம். இங்கிலீஷுக்குப் போனதும் நாலையும் கழற்றிவிட்டு எல்லா இடத்திலும் 'ரைட்டிங்' போட்டுவிடுகிறோம். சில இடத்தில் பொருந்துகிறது, சில இடத்தில் இடறுகிறது. அதனால் கீழே எந்தச் சந்தேகம் வந்தாலும் முதல் கேள்வி இதுதான்: எழுதும்போது மனசில் இருந்த தமிழ் வால் எது?

பெயராக நிற்கிற 'இங்'கை ஜெரண்ட் என்று பள்ளியில் தனியாகப் பிரித்தார்கள். 2002இல் வந்த கேம்பிரிட்ஜ் ஆங்கில இலக்கண நூலில் ஹடில்ஸ்டனும் புல்லமும் இரண்டையும் ஒரே பெயரில் சேர்த்துவிட்டார்கள். பழுது பார்க்க அந்தப் பிரிவினை பெரும்பாலும் தேவைப்படாது, விட்டுவிடலாம்.

உங்கள் வரிக்குப் பொருந்துகிற தலைப்பைப் பிடியுங்கள். அதற்குள் மேலிருந்து கீழே வாருங்கள். எந்தப் படியில் சரியானதோ அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

## வரியில் 'இங்' இருக்கிறது, ஆனால் வாக்கியம் நொண்டுகிறது

"ஹி கமிங் டுமாரோ." "மை ஃபாதர் வொர்க்கிங் இன் ரயில்வே."

முதலில் 'இங்' சொல்லுக்கு இடப்பக்கம் விரலை வையுங்கள். ஆம், இஸ், ஆர், வாஸ், வேர், பீ, பீன் இவற்றில் ஒன்று அங்கே இருக்கிறதா? இல்லையென்றால் பழுது அதுதான். "அவர் என் அண்ணன்" என்று வினையே இல்லாமல் முடித்துப் பழகிய வாய் நமக்கு, அதனால் இந்தச் சின்னச் சொல் விழுந்துவிடுகிறது. போட்டுவிட்டால் முடிந்தது.

அது இருந்தும் ஏதோ உறுத்துகிறதென்றால், வரியில் 'சின்ஸ்' இருக்கிறதா என்று பாருங்கள். "ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் 2016." நம் ஊர் ரெஸ்யூமேக்களில் பாதி இப்படித்தான் வருகிறது. அன்று தொடங்கி இன்றும் ஓடுகிறது என்றால் "ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் 2016". 'ஃபார் எய்ட் இயர்ஸ்' போட்டாலும் இதே திருத்தம்தான். இங்கே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளாமல் நான் விரலை வைப்பதில்லை: "இப்பவும் அங்கதான் இருக்கீங்களா?" வேலையை விட்டு மூன்று மாதம் ஆனவர்கூட 'ஹேவ் பீன் வொர்க்கிங்' என்று எழுதிக் கொண்டுவருவார். விட்டாச்சென்றால் 'ஐ வொர்க்ட்', தொடங்கிய வருஷம், முடிந்த வருஷம். அவ்வளவுதான். இல்லாவிட்டால் இன்டர்வியூவில் ரிலீவிங் லெட்டர் கேட்கும்போது இலக்கணப் பிழை பொய்யாகப் போய் நிற்கும்.

அடுத்தது, வரி முழுக்க 'இங்' மட்டும் இருந்து, முடிக்கிற வினையே இல்லாத நோய். "ரிக்வெஸ்டிங் யூ டு கிராண்ட் மீ டூ டேஸ் லீவ்." யார் கேட்கிறார்கள்? எழுவாயைப் போட்டு 'ஐ ரிக்வெஸ்ட் யூ' என்று நிமிர்த்துங்கள்.

"அப்போ கடைசியில் 'தேங்கிங் யூ' மட்டும் தனியா நிக்குதே?" என்று ஒரு பையன் கேட்டான். நல்ல கேள்வி. அது உடைந்து போன பழைய வாக்கியத்தின் மிச்சம். அந்தக் காலத்துக் கடிதங்களில் 'தேங்கிங் யூ, ஐ ரிமைன், யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி' என்று ஒரே மூச்சில் ஓடும். நடுவில் இருந்த 'ஐ ரிமைன்' உதிர்ந்துவிட்டது, தலையும் வாலும் நம் லீவ் லெட்டரில் தங்கிவிட்டன. பழக்கமாகிப் போனதால் விட்டுவிடலாம். என்னைக் கேட்டால் 'தேங்க் யூ' போதும்.

லீவ் லெட்டர் என்றதும் ஞாபகம் வருகிறது. "ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்" என்று எல்லோரும் கிண்டல் பண்ணுகிற அந்த வரியில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. காய்ச்சல் அடித்துக்கொண்டிருக்கும்போது எழுதினால் முழுக்கச் சரி. காய்ச்சல் விட்டு, திங்கட்கிழமை பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறபோது அதே வரியைக் கொடுத்தால்தான் தப்பு. அப்போது 'ஐ வாஸ் சஃபரிங்'.

## "ஐ ஆம் நோயிங்", "ஐ ஆம் ஹேவிங் டூ சன்ஸ்"

எழுதியவருக்குத் தெரியாது, வாசிக்கிறவர் சிரிப்பார். அப்படிப்பட்ட பிழை இது.

ஒரே ஒரு சோதனை போதும். அந்த வேலையை இப்போது அஞ்சு நிமிஷம் செய்துவிட்டு நிறுத்த முடியுமா? டீ குடிப்பதை நிறுத்தலாம், அதனால் 'ஐ ஆம் ஹேவிங் டீ' சரி. இரண்டு பிள்ளைகள் இருப்பதை அஞ்சு நிமிஷம் இருந்துவிட்டு நிறுத்த முடியாது. அதனால் 'ஐ ஹேவ் டூ சன்ஸ்'. தெரிவது, புரிவது, நம்புவது, வேண்டியிருப்பது, சொந்தமாயிருப்பது, விலை இவ்வளவு என்பது, பாக்கெட்டுக்குள் பத்து இருக்கிறது என்பது எல்லாமே இந்த ஜாதி. "திஸ் பாக்கெட் இஸ் கன்டெய்னிங் டென் பீசஸ்" என்று லேபிள் அடிக்கக் கொண்டுவருவார்கள். 'கன்டெய்ன்ஸ்' என்று மாற்றிவிடுவேன். எழுத்தும் மிச்சம், லேபிளில் இடமும் மிச்சம்.

சில சொல் இரண்டு பக்கமும் நிற்கும். 'ஐ திங்க் தி ரேட் இஸ் ஹை' என்றால் அது என் அபிப்பிராயம். 'ஐ ஆம் திங்கிங் அபௌட் இட்' என்றால் இப்போது யோசித்துக்கொண்டிருக்கிறேன். 'ஐ சீ' என்றால் கண்ணில் தெரிகிறது, 'ஐ ஆம் சீயிங் எ டாக்டர்' என்றால் வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அஞ்சு நிமிஷச் சோதனை இங்கேயும் வேலை செய்யும்.

உடனே யாராவது மெக்டொனால்ட்ஸ் விளம்பரத்தைக் காட்டுவார்கள், "அவனே 'லவ்விங் இட்'னு போடுறானே" என்று. 2003லிருந்து போடுகிறான், வேண்டுமென்றேதான் போடுகிறான். இந்த நிமிஷம் வாயில் வைத்து ரசிக்கிறேன் என்று அர்த்தம் வரவேண்டும் என்பதற்காக. விளம்பரத்துக்குச் செல்லும், பேங்க் மனுவுக்குச் செல்லாது.

இதைக் கற்றுக்கொண்டவர்கள் செய்கிற எதிர்ப்பிழை ஒன்று உண்டு. 'நோயிங்' என்ற சொல்லே கூடாது என்று எங்கே கண்டாலும் அடித்துவிடுவார்கள். தடை 'ஆம், இஸ், ஆர்' பின்னால் வரும்போது மட்டும்தான். "நாட் நோயிங் தி வே, ஐ டுக் அன் ஆட்டோ" என்பது அருமையான வாக்கியம், கை வைக்க வேண்டாம்.

## "ஐ ஆம் வெரி இன்ட்ரஸ்டிங் இன் திஸ் ஜாப்"

போன மாதம் ஒரு பெண் பிள்ளை, இன்ஜினியரிங் முடித்தது, கவர் லெட்டரில் முதல் வரியே இது. "பாப்பா, நீ சுவாரசியமான ஆளுன்னு நீயே சொல்லிக்கிறியே" என்றேன். புரியவில்லை. பிறகு புரிந்து, முகத்தை மூடிக்கொண்டது.

தருவது யார், வாங்கிக்கொள்வது யார் என்று பாருங்கள். உணர்ச்சியைக் கிளப்புகிற பொருளுக்கு 'இங்', அது யார் மேல் வந்து விழுகிறதோ அவருக்கு 'எட்'. படம் போரிங், பார்க்கிற நான் போர்ட். கணக்கு கன்ஃப்யூசிங், பையன் கன்ஃப்யூஸ்ட். நடை டயரிங், நடந்தவர் டயர்ட். தமிழில் "எனக்கு போர் அடிக்குது" என்று நான்காம் வேற்றுமை போட்டு இந்தச் சிக்கலையே தாண்டிவிடுகிறோம். அதனால்தான் அந்தப் பக்கம் போனதும் தடுமாற்றம்.

"அவர் ரொம்ப போரிங்" என்று ஆளைச் சொல்லலாமா? சொல்லலாம். சொன்னால் திட்டியதாக அர்த்தம்.

## காற்புள்ளிக்கு முன் 'இங்', பின்னால் வேறு யாரோ

இதுதான் பெரிய பழுது. படித்தவர்கள் தாளில்தான் அதிகம் வரும். ஸ்பெல்செக் பச்சைக்கொடி காட்டிவிடும்.

ஓய்வு பெற்ற ஐயா ஒருவர், ஆபீசில் வருஷக்கணக்காக டிராஃப்ட் போட்டவர், பென்ஷனுக்கான உயிர்வாழ் சான்றுக்கு வீட்டுக்கே ஆள் அனுப்பச் சொல்லி பேங்குக்கு மனு கொண்டுவந்தார். நடுவில் ஒரு வரி: "பீயிங் எ ஹார்ட் பேஷன்ட், தி பேங்க் ஷுட் சென்ட் சம்ஒன் டு மை ஹவுஸ்."

"ஐயா, இதுல நெஞ்சு வலி யாருக்கு?"

"எனக்குத்தான். ஸ்டென்ட் வெச்சிருக்கு."

"தாளைப் பாத்தா பேங்குக்கு வெச்ச மாதிரி இருக்கு."

கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு மூன்று முறை வாசித்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், கடையில் ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

விதி இதுதான்: வரியின் முன்னால் 'இங்' கூட்டம் வந்து காற்புள்ளி போட்டால், அதற்குப் பின்னால் முதலில் வருகிற பெயர்தான் அந்த வேலையைச் செய்கிறது. காற்புள்ளியைத் தாண்டி முதல் பெயரைத் தொடுங்கள். "இவரா?" என்று கேளுங்கள். ஆமாம் என்றால் தாண்டிப் போங்கள். இல்லையென்றால் கீழ்க்கண்டவற்றில் எது மலிவோ அது.

முதல் வழி, எழுவாயை மாற்றுவது. "பீயிங் எ ஹார்ட் பேஷன்ட், ஐ ரிக்வெஸ்ட் தி பேங்க்..." ஐயாவின் மனு இதிலேயே சரியாகிவிட்டது.

செயப்பாட்டு வினை ஒளிந்திருந்தால் அதைத் திருப்புவது. "செக்கிங் தி பில், எ மிஸ்டேக் வாஸ் ஃபவுண்ட்." பில்லைச் சரிபார்த்தது மிஸ்டேக்கா? "செக்கிங் தி பில், ஐ ஃபவுண்ட் எ மிஸ்டேக்." ஆபீஸ் கடிதங்களில் 'நான்' என்று எழுதக் கூச்சப்படுகிறவர்களுக்கு இந்தப் பழுது தவறாமல் வரும்.

'இங்'குக்கே சொந்தமாக ஓர் எழுவாய் கொடுப்பது மூன்றாவது. "பீயிங் சண்டே, தி பேங்க் வாஸ் க்ளோஸ்ட்" என்றால் பேங்க் ஞாயிற்றுக்கிழமை ஆகிவிடும். "இட் பீயிங் சண்டே" என்றால் சரி. இலக்கணம் ஒத்துக்கொள்ளும், ஆனால் கஞ்சி போட்ட வேட்டி மாதிரி விறைப்பாக இருக்கும். எனக்குப் பிடிக்காது.

இது எதுவும் ஒத்துவரவில்லை என்றால் வரியைப் பிரித்துவிடுங்கள். 'இங்'கைத் தூக்கிவிட்டு, ஆஸ், வென், பிகாஸ் ஏதாவது போட்டு, இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி எழுவாய், தனித்தனி வினை. "வைல் டிரைவிங், எ டாக் கேம் அக்ராஸ்" என்று விபத்துப் புகார் எழுதியவருக்கு இப்படித்தான் செய்தேன்: "வென் ஐ வாஸ் டிரைவிங், எ டாக் கேம் அக்ராஸ்." இல்லாவிட்டால் வண்டி ஓட்டியது நாய்.

இந்தப் பிழை நமக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தில் செத்துப்போன ராஜாவின் ஆவி பேசும் இடத்தில், 'ஸ்லீப்பிங் இன் மை ஆர்ச்சர்ட், எ செர்பென்ட் ஸ்டங் மீ' என்று வருகிறது; தோட்டத்தில் தூங்கியது ராஜாவா பாம்பா என்று கேட்கும்படிதான் வரி அமைந்திருக்கிறது. தமிழிலும் சட்டம் இதேதான். 'செய்து' என்னும் வாய்பாட்டு வினையெச்சம் தன் வினைமுதலையே கொள்ளும் என்பது நன்னூல். ஆனால் 'மழை பெய்து நெல் விளைந்தது' என்று இரண்டு எழுவாயோடு சொன்னால் நம் காதுக்கு உறுத்துவதில்லை. 'பெய்ய' என்று வரவேண்டியது திரிந்து நிற்கிறது என்று உரைகாரர்கள் சமாதானம் சொல்லிவிட்டார்கள். அந்தச் சலுகை இங்கிலீஷில் கிடைக்காது.

பொய் அலாரம் சிலது உண்டு. கன்சிடரிங், ரிகார்டிங், இன்க்ளூடிங், டிபென்டிங் ஆன், ஜட்ஜிங் பை, அக்கார்டிங் டு. இவை 'இங்' வாலோடு இருந்தாலும் வினை வேலையை விட்டுவிட்டு, 'பற்றி', 'உட்பட', 'பொறுத்து', 'படி' என்கிற மாதிரி உருபு ஆகிவிட்டவை. இவற்றுக்கு எழுவாய் தேட வேண்டாம்.

## "ஈட்டிங் லன்ச், ஐ வென்ட் டு தி பேங்க்"

'சாப்பிட்டு பேங்குக்குப் போனேன்' என்பதன் நேர் நகல். எழுவாய் சரிதான், இரண்டும் 'நான்'. ஆனால் இங்கிலீஷ்காரர் கண்ணுக்கு, சோற்றைப் பிசைந்துகொண்டே பேங்க் கவுன்டரை நோக்கி நடக்கிறீர்கள்.

வெறும் 'இங்' என்றால் இரண்டு வேலையும் ஒரே நேரம், அல்லது ஒன்றின் கையைப் பிடித்துக்கொண்டே அடுத்தது. 'ஓபனிங் தி டோர், ஷி ஸ்டெப்ட் இன்' சரி. இடையில் நேரம் போயிருந்தால் 'ஆஃப்டர் ஈட்டிங்' அல்லது 'ஹேவிங் ஈட்டன்'. சோதனை: தமிழில் 'சாப்பிட்டுக்கொண்டே' என்று வைத்துப் பாருங்கள், அபத்தமாக இருந்தால் 'ஆஃப்டர்' போடுங்கள்.

## 'லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட் யூ'

'டு' பார்த்ததும் கை தானாக வெறும் வினையைப் போட்டுவிடும். அந்த 'டு'வுக்குப் பின்னால் 'இட்' என்று ஒரு பெயரை வைத்துப் பாருங்கள். 'லுக்கிங் ஃபார்வர்ட் டு இட்' நிற்கிறது, ஆகவே 'டு மீட்டிங் யூ'. 'வான்ட் டு இட்' நிற்காது, ஆகவே 'வான்ட் டு மீட்'. 'ஐ ஆம் யூஸ்ட் டு' என்றால் பழகிவிட்டது, பின்னால் 'இங்'. ஆம் இல்லாமல் 'ஐ யூஸ்ட் டு' என்றால் முன்பு செய்துகொண்டிருந்தேன், பின்னால் வெறும் வினை.

'ஸ்டாப்' மட்டும் ஜாக்கிரதை. 'ஹி ஸ்டாப்ட் ஸ்மோக்கிங்' என்றால் சிகரெட்டை விட்டுவிட்டார். 'ஹி ஸ்டாப்ட் டு ஸ்மோக்' என்றால் வண்டியை ஓரங்கட்டிப் பற்றவைத்தார். மெடிக்கல் ஃபாரத்தில் இதை மாற்றி எழுதினால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

## ஆள் எங்கே நிற்கிறார்

தமிழில் 'அங்கே நிற்கிற ஆள்', எச்சம் முன்னால். இங்கிலீஷில் 'இங்' ஒற்றையாக இருந்தால் முன்னால், 'எ ஸ்லீப்பிங் சைல்ட்'. கூட நாலு சொல் ஒட்டிக்கொண்டால் பின்னால், 'தி மேன் ஸ்டாண்டிங் தேர்'. முடிந்துபோன ஒற்றைச் சம்பவத்துக்கு இது உதவாது. 'தி மேன் ஸ்டீலிங் மை பைக் யெஸ்டர்டே' என்று ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்காதீர்கள், 'ஹூ ஸ்டோல்'.

## சொல்லின் கீழ் சிவப்புக் கோடு

'ரைட்டிங்'கில் இரண்டு டி போடுகிறவர்கள் ஏராளம். காரணம் 'ரிட்டன்'. அதில் இரண்டு டி, இதில் ஒன்று. கடைசியில் ஓசையில்லாத ஈ இருந்தால் அதைக் கழற்றிவிட்டு 'இங்', எதையும் இரட்டிக்க வேண்டாம். 'கமிங்'கில் ஒரே எம். ஆனால் சீ, அக்ரீ போல ஈ இரண்டாக இருந்தால் கழற்றக் கூடாது.

இரட்டிப்பது எப்போது? கடைசியில் ஒற்றை உயிர், ஒற்றை மெய், அதன் மேல்தான் அழுத்தம். ரன், சிட், பிகின், அக்கர், ரெஃபர் எல்லாம் இரட்டிக்கும். ஓபன், ஆஃபர், விசிட் இவற்றில் அழுத்தம் முன்னாலேயே விழுந்துவிடுகிறது, இரட்டிக்காது. சந்தேகம் வந்தால் வாய்விட்டுச் சொல்லி மேசையில் தட்டிப் பாருங்கள், எங்கே பலமாகத் தட்டுகிறீர்களோ அதுதான். டிராவல் பிரிட்டிஷில் இரண்டு எல், அமெரிக்காவில் ஒன்று. ஒரே தாளில் இரண்டையும் கலக்காதீர்கள்.

டை, லை போன்றவற்றில் ஐ-ஈ போய் ஒய் வரும். சாயம் முக்குகிற டைக்கு மட்டும் ஈ அப்படியே இருக்கும். திருப்பூர்ப் பக்கம் டையிங் யூனிட் போர்டில் அந்த ஈ விழுந்தால் பட்டறை செத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தமாகிவிடும். 'பேனிக்', 'பிக்னிக்' இவற்றுக்கு நடுவில் ஒரு கே.

## நம் கையில் இல்லாதது

கடிதம், மனு, ரெஸ்யூமே வரை இதெல்லாம் போதும். ஒரே வரியை மூன்று முறை பிரித்தும் யார் செய்தது என்று தெளியவில்லை என்றால், பழுது 'இங்'கில் இல்லை, எழுதியவருக்கே விஷயம் தெளியவில்லை. தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுப் புதிதாக அடித்துவிடுங்கள்.

ஆராய்ச்சிக் கட்டுரை என்றால் கைடிடமோ எடிட்டரிடமோ போகட்டும். 'யூசிங் எ மைக்ரோஸ்கோப், தி செல்ஸ் வேர் கவுன்டட்' மாதிரி வரிகள் அறிவியல் கட்டுரைகளில் சர்வசாதாரணம், அந்தத் துறையில் அதை விட்டுவைப்பார்களா என்று அவர்களுக்குத்தான் தெரியும். விசாவுக்கான கடிதத்தில் 'வொர்க்கிங்', 'ஹேவ் பீன் வொர்க்கிங்', 'வொர்க்ட்' மூன்றும் மூன்று வாக்குமூலம். சான்றிதழ்களோடு ஒத்துப்பார்க்கிறவர் யாரோ அவர் பார்க்கட்டும்.

பத்திரமும் ஒப்பந்தமும் கண்டிப்பாக வக்கீலிடம். ஒருமுறை நில ஒப்பந்த நகல் ஒன்று வந்தது. அதில் "சேல் ஆஃப் லேண்ட் டு தி பையர் ஹேவிங் எ வெல்". கிணறு நிலத்தில் இருக்கிறதா, வாங்குகிறவரிடம் ஏற்கெனவே இருக்கிறதா? கொண்டுவந்தவரைக் கேட்டேன், "ரெண்டு பேருக்கும் தெரியும்ங்க, நீங்க அடிங்க" என்றார். அந்தப் பக்கத்தை நான் டைப் அடிக்கவில்லை. ஒரு ஜெராக்ஸ் எடுத்து, அந்த வரியைப் பென்சிலால் வட்டம் போட்டு, வக்கீல் ஆபீசுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டு, ஜெராக்ஸுக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டேன்.